தாய் மறந்தாலும்: அன்னையர் ஞாயிறுப் பிரசங்கங்கள் குறித்து ஒரு திறனாய்வு

மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நம் சபைகள் பலவற்றில் அன்னையர் ஞாயிறாக ஆசரிக்கப்படுகின்றது. திருச்சபையின் பழைய நாட்காட்டியில் இதற்கு இடமில்லை. 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக் கிராஃப்டன் நகரிலிருந்த மெதடிஸ்ட் ஆலயமொன்றில், ஆனா ஜார்விஸ் என்னும் அம்மையார் தம் தாயின் நினைவாக ஏற்பாடு செய்த ஆராதனையே இதன் தொடக்கம். 1914இல் அந்நாட்டு அதிபர் வில்சன் இதனைத் தேசிய நாளாக அறிவித்தார். மணமாகாது, மகப்பேறின்றி வாழ்ந்த ஜார்விஸ் அம்மையாரே பிற்காலத்தில், இந்நாள் வாணிகமாகிவிட்டதென்று அதனை எதிர்த்துப் போராடினார். நாளின் வரலாறு நிற்க. அந்நாளில் நம் பிரசங்க பீடங்களில் ஒலிக்கும் இறையியலே இங்கு ஆய்வுக்குரியது.

அப்பிரசங்கத்தின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. தேவ அன்பு கண்ணுக்குப் புலப்படாதது. அதனைக் கண்ணாரக் காண விரும்புவோன் தன் தாயைக் காண்பானாக. தாய் ஒருபோதும் மறவாள். ஆதலின் தேவனும் மறவார். இதற்கு ஆதாரமாக ஏசாயா 49:15 வாசிக்கப்படுகின்றது. ஆனால் அவ்வசனத்தின் முற்பாதி மட்டுமே விளக்கப்படுகின்றது. ஆண்டவர் தன்னை மறந்துவிட்டார் எனச் சீயோன் முறையிடுகின்றாள். அதற்கு விடையாகத் தீர்க்கர் முதலில் ஒரு வினாவை எழுப்புகின்றார்: பால்குடிக்கும் பிள்ளையைப் பெற்றவள் மறப்பாளோ? உடனே, மறக்கவும் கூடும் என்று தாமே ஒப்புக்கொள்கின்றார். அதன் பின்னரே தேவன் மறவார் என்னும் உறுதி வருகின்றது. அங்கு தாயன்பு அடித்தளமன்று. உலகில் உள்ளவற்றுள் மிக உயர்ந்ததாயினும் முறிந்துபோகக் கூடியது என்று சுட்டப்படும் எல்லைக்கல் அது. எருசலேமின் முற்றுகையில் பஞ்சத்தால் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு என்ன செய்தனர் என்பதைப் புலம்பல் 4:10 கூறுகின்றது. சிறையிருப்பில் இருந்த மக்கள் அதனை அறிந்தவர்கள். அவர்களிடம், தாய் மறவாள் ஆதலால் தேவனும் மறவார் என்று வாதித்திருந்தால் யார் நம்பியிருப்பர்?

இதனால் தாய்மை உருவகத்தைத் தள்ளிவிட வேண்டுமென்பது நம் கருத்தன்று. மூலமொழியைக் கற்போர் அதன் ஆழத்தை அறிவர். எபிரெயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்னும் சொல்லோடு உறவுடையது. பிலிஸ் டிரிபிள் என்னும் அறிஞர் 1978இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். சாலொமோன் முன் நின்ற இரு பெண்களுள் உண்மைத் தாய்க்கு எழுந்த உணர்ச்சிக்கும் (1 இராஜாக்கள் 3:26) இச்சொல்லே ஆளப்படுகின்றது. நம் பழைய தமிழ்த் திருப்புதல் அங்கே குடல் துடித்ததாகச் சொல்லி அதன் உடற்சார்பை ஓரளவு காத்திருக்கின்றது. சங்கீதம் 103:13இல் தகப்பனின் இரக்கத்திற்கும் இதே வேர்ச்சொல்தான். தகப்பனுக்கும் தாய்வயிற்றின் சொல்லைத் தயங்காமல் கொடுக்கின்றது திருமறை. உபாகமம் 32:18இல் வரும் இரண்டாம் வினை, பிரசவ வேதனையில் துடிப்பதைக் குறிப்பது. தமிழில் அது 'பெற்ற' என்று நிற்கின்றது. இச்சொல் தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாகையால், வேதனை நம் செவிக்கு எட்டாமற் போகின்றது.

'பெற்ற' என்னும் இச்சொல் ஆவடிப் பகுதி மக்களுக்கு வேறோர் எதிரொலியும் உடையது. கோவில்பதாகைக்குச் சில கல் தொலைவிலுள்ள திருநின்றவூர், திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்ற வைணவத் தலம். அங்குள்ள தாயாரின் திருநாமமே 'என்னைப் பெற்ற தாயார்' என்பது. வைணவ மரபில் தாயார் அடியவருக்காகப் பெருமாளிடம் பரிந்து பேசுபவர். தந்தையின் நீதியைத் தாயின் கருணை தணிக்கின்றது. வைணவராய்ப் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை போன்றோர் இம்மரபை நன்கு அறிந்தே வந்தவர்கள். நம் சபையாரிலும் பலர் இதே எண்ணத்தோடு பிதாவைக் கடுமைக்கும் வேறு யாரையோ கனிவுக்கும் பகுத்துக்கொள்கின்றனர். ஏசாயாவிலோ பரிந்து பேசும் மற்றொருவர் இல்லை. நியாயந்தீர்ப்பவரே பிரசவிக்கின்றவளைப்போல் கதறுகின்றார் (42:14). இவ்வேறுபாடு மறுக்கப்படாமல் அமைதியாக எடுத்துரைக்கப்படுவது, அயலாரோடு உரையாடுவதற்கும் உதவும்.

அன்னையர் ஞாயிற்றின் பிரசங்கத்தை உரைத்துப் பார்க்க ஒரு கல் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1901இல் ஏறக்குறைய ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கோயிற்பணிக்கு விடப்பட்ட இல்லத்திலிருந்து தப்பி, திருநெல்வேலிச் சீமையில் பணிசெய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் வந்து சேர்ந்தாள். அதற்கு முன்னும் ஒருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த பெற்ற தாயிடம் ஓடினாள். அத்தாய், பற்றிக்கொண்ட கைகளை விலக்கி, அவளைத் திரும்ப ஒப்படைத்துவிட்டாள். அச்சமும் ஊர்வழக்கமும் நெருக்கிய அந்தத் தாயைக் கல்லெறிவது எளிது. நாம் அதைச் செய்யோம். ஆயினும் தாய் மறவாள் என்னும் பிரசங்கத்தை அச்சிறுமியின் முன் எவரால் நிகழ்த்த முடியும்? ஏசாயாவின் முழு வசனத்தையோ தடையின்றி வாசிக்கலாம். அது அவளுக்காகவே எழுதப்பட்டது போன்றது. மணம் புரியாத கார்மைக்கேல் அம்மையார் டோனாவூரில் பிள்ளைகள் அனைவருக்கும் 'அம்மா' ஆனார். 1951இல் மறைந்த அவரது அடக்கத்தின்மேல் கல்லறைக்கல் இல்லை. பறவைகள் நீருண்ணும் தொட்டியொன்றில் 'அம்மை' என்னும் சொல் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. பெறாதவர் தாயாகின்றார், பெற்றவள் கைவிடுகின்றாள் என்னும் இவ்விரு உண்மைகளுக்கும் நம் வழக்கமான பிரசங்கத்தில் இடமில்லை.

இடமில்லாமையின் விளைவு ஆராதனையிலேயே வெளிப்படுகின்றது. தாய்மாரெல்லாம் எழுந்து நிற்கும்படி அழைக்கப்பட்டு, பூ வழங்கப்படுகின்றது, கைதட்டலும் உண்டு. எழாமல் உட்கார்ந்திருப்போர் யாவர்? மகப்பேறில்லாதவள், கருச்சிதைவுற்றவள், பிள்ளையைப் புதைத்தவள். தாயே தேவ அன்பின் சாயலெனச் சொல்லிவிட்ட பிறகு, இவர்களிடத்தில் அச்சாயல் குறைவென்று சொல்லாமற் சொல்லியாயிற்று. மறுபுறம், எழுந்து நிற்பவளின் தோளிலும் பெருஞ்சுமை ஏற்றப்படுகின்றது: ஒருபோதும் சலியாதிருக்க வேண்டியவள் அவள். வீட்டு வேலையெல்லாம் தன்மேல் விழுந்து களைத்துப்போன ஒருத்திக்கு இப்புகழ்ச்சி ஆறுதலா, கட்டளையா என்று கேட்பார் இலர்.

அந்நாளுக்குரிய திருமறைப் பகுதிகளுள் நம் பிரசங்கியார் பெரும்பாலும் தவிர்ப்பது லூக்கா 11:27-28. கூட்டத்திலிருந்து ஒரு பெண் இயேசுவைச் சுமந்த வயிற்றையும் அவர் பாலுண்ட மார்பையும் வாழ்த்துகின்றாள். அதனை அவர் மறுக்கவில்லை. ஆனால் பேற்றைத் தேவ வசனத்தைக் கேட்டுக் காத்துக்கொள்வோர் அனைவருக்கும் விரித்துவிடுகின்றார். நான்கு சுவிசேஷகருள் லூக்கா ஒருவரே இதனைப் பதிவுசெய்துள்ளார். வரும் மே மாதத்தில் ஏசாயாவோடு இதனையும் சேர்த்து வாசித்து, எவரையும் எழுந்து நிற்கச் சொல்லாது ஆராதனையை நடத்த நம் போதகர்கள் முன்வரலாம்.