மீன்தொட்டியின் கோடி: ஓவர்ஃப்ளோவை ஆழமாக வெட்டலாமா?

அதியமான்கோட்டையில் என் மைத்துனர் வீட்டு ஹாலில் 8 அடி அக்ரிலிக் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நீளம் 240, அகலம் 75, உயரம் 75 செ.மீ. முழுசா நிரப்பினால் 1,350 லிட்டர். பின்சுவரில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, 10 ஸ்லாட்டுகள். தண்ணீர் அது வழியாக வெளியே இருக்கும் சின்னப் பெட்டியில் விழுந்து, பைப்பில் இறங்கி, கீழே சம்ப்புக்குப் போகும். அங்கிருந்து பம்ப் திரும்ப மேலே ஏற்றும்.

ஓடவிட்ட முதல் வாரமே கரண்ட் போச்சு. பம்ப் நின்றது, ஆனால் மேலேயிருந்து தண்ணீர் இறங்குவது நிற்கவில்லை. சம்ப்பில் மிச்சம் இருந்த இடம் 40 லிட்டர். மீதி ஹாலில்.

பார்க்க வந்தவர் சொன்ன வைத்தியம்: "ஸ்லாட்டை இன்னும் ரெண்டு இஞ்ச் கீழே இறக்கி வெட்டிடலாம் சார்." மைத்துனர் எனக்கு போன் போட்டு, "வெட்டிடலாமா மாமா?" என்றார். "கட்டரைத் தொடாதே மச்சான், ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன். இந்த வைத்தியத்தைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். ஓவர்ஃப்ளோ பத்தவில்லையா, பெரிசா வெட்டு. இது ஏன் தப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், ஓவர்ஃப்ளோ என்பது என்ன? வடிகால் ஓட்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஏரியின் கலிங்கு. எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் 'கோடி போகுது' என்போம். அந்தக் கோடிக்கு ஒரு கணக்கு உண்டு. வழியும் நீர் (வினாடிக்குக் கனமீட்டரில்) = 1.84 × கோடியின் நீளம் × நீர் உயரத்தின் 1.5 அடுக்கு. நீளமும் உயரமும் மீட்டரில். மீன்தொட்டி அளவுக்கு இது தோராயம்தான், ஆனால் விஷயம் புரிய இது போதும்.

நம்ம தொட்டியில் பம்ப் மணிக்கு 6,000 லிட்டர் தருகிறது. 10 ஸ்லாட், ஒவ்வொன்றும் 1.5 செ.மீ. அகலம். மொத்த நீளம் 15 செ.மீ. தான். கணக்குப்படி ஸ்லாட்டின் அடிவிளிம்புக்கு மேலே சுமார் 33 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால்தான் அவ்வளவும் வெளியேறும். தொட்டியின் மேற்பரப்பு 1.8 சதுர மீட்டர். அதாவது 1 மி.மீ. இறங்கினால் 1.8 லிட்டர். பம்ப் நின்றதும் அந்த 33 மி.மீ.யும் இறங்கும். கிட்டத்தட்ட 60 லிட்டர். ஹாலில் வெள்ளம் வந்த கதை இதுதான்.

இப்போது ஸ்லாட்டை 2 இஞ்ச் ஆழமாக வெட்டினால்? நீளம் அதே 15 செ.மீ. அதனால் உயரமும் அதே 33 மி.மீ. அடிவிளிம்பு கீழே போகும், அதற்கு மேல் அதே 60 லிட்டர் நின்றுகொண்டிருக்கும். அடுத்த மின்வெட்டில் ஹால் மறுபடி நனையும். மாற்ற வேண்டியது நீளத்தை. கோடியை 120 செ.மீ. ஆக்கினால் உயரம் 8 மி.மீ. ஆகிவிடும். இறங்கும் தண்ணீர் 15 லிட்டர்தான். மேற்பரப்பில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் நன்றாக வழிந்து போகும்.

அப்போ பின்சுவரை நீளமா வெட்டலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் அக்ரிலிக் குறுக்கே வருகிறது. ஒரே கனத்தில் கண்ணாடியைவிட அக்ரிலிக் சுமார் 20 மடங்கு அதிகமாக வளையும். அதனால்தான் மேலே சுற்றிலும் பட்டையாக ஒரு சட்டம் ஒட்டியிருப்பார்கள். அதுதான் சுவர் வெளியே பிதுங்காமல் பிடிக்கிறது. அந்தச் சட்டத்துக்கு ஒட்டினாற்போல் நீளமாக வெட்டினால் பிடிப்பு போய்விடும். கூர்மையான மூலை எங்கே வந்தாலும் இழுவிசை அங்கே குவியும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பெர்லினில் ஒரு ஹோட்டலுக்குள் இருந்த அக்வாடோம் என்ற அக்ரிலிக் தொட்டி நினைவிருக்கலாம். சுமார் 10 லட்சம் லிட்டர். புதுப்பித்துத் திறந்த சில மாதங்களில், 2022 டிசம்பர் 16 அதிகாலையில், வெடித்துச் சிதறியது. விசாரித்த வல்லுநரால் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவர் வைத்த மூன்று சாத்தியங்கள்: ஒட்டிய இணைப்பு விட்டது, புதுப்பிக்கும்போது அடிப்பகுதியில் விழுந்த வெட்டு, தண்ணீரில்லாமல் கிடந்தபோது அக்ரிலிக் உலர்ந்தது. மூன்றில் இரண்டு, மராமத்து சம்பந்தப்பட்டவை. நம்ம தொட்டி அதோடு ஒப்பிட்டால் ஒரு சொம்பு. ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொதுதான்.

நாங்கள் செய்தது: சுவரைத் தொடவில்லை. தொட்டிக்கு உள்ளே, ஸ்லாட்டுகளுக்கு முன்னால், 120 செ.மீ. நீளத்துக்கு ஒரு அக்ரிலிக் தொட்டில் மாதிரி வைத்து, மேல் சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டினோம். அதன் விளிம்பு ஸ்லாட் அடியிலிருந்து 4 செ.மீ. மேலே. தண்ணீர் முதலில் இந்த நீளமான விளிம்பில் மெல்லிசாக வழியும், அப்புறம் பழைய ஸ்லாட் வழியாக வெளியே போகும். மின்வெட்டில் தொட்டியிலிருந்து 15 லிட்டர், தொட்டிலிலிருந்து 3 லிட்டர். அவ்வளவுதான்.

இதிலும் குறை இருக்கு. சுவரோடு சேரும் இடத்தில் அடைக்கப் போட்டது சிலிக்கான். அது அக்ரிலிக்கை நன்றாகப் பிடிக்காது, ஒருநாள் விடும். விட்டால் மின்வெட்டு நேரத்தில் தண்ணீர் ஸ்லாட் அடிவரை மெதுவாக இறங்கும், சுமார் 86 லிட்டர். ஆகவே சம்ப்பின் நீர்மட்டத்தைக் குறைத்து 100 லிட்டர் இடம் விட்டோம். உண்மையில் முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது ஒன்றுதான். காசு செலவில்லை.

எதிர்ப்பக்கமும் பார்க்கணும். இறங்கும் பைப்பை ஒரு நத்தை அடைத்துவிட்டால் பம்ப் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். பம்ப் இருக்கும் அறையில் 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்காதபடி வைத்தால், முழுசா ஏற்றினாலும் தொட்டி 14 மி.மீ. தான் உயரும். மேலே அவ்வளவு காலியிடம் இருந்தால் போதும். இரண்டாவது பைப் ஒன்று காலியாக, அவசரத்துக்கு மட்டும் நிற்பது இன்னும் நல்லது.

பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை ஓய்கிற சமயத்தில் இடைவெளியை அடைத்துக் கூடுதலாகத் தண்ணீர் பிடிக்கத்தான். அடைத்ததை வெள்ளத்துக்கு முன் திறக்க மறந்தால் கரைக்கே ஆபத்து. மீன் போகாமல் இருக்க நாம் வைக்கும் வலையும் அப்படித்தான், பாசி பிடித்தால் கோடியின் நீளத்தைத் தின்றுவிடும். மைத்துனரிடம் வாரம் ஒருமுறை வலையைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு மூணு தடவை கரண்ட் போயிருக்கு. ஹால் நனையவில்லை.