அனனியாவின் அட்டை

வாக்குத்தத்த அட்டைக்கு வக்காலத்து வாங்கிச் சபைப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் அந்த ஒரு வசனம்தான் எளிய விசுவாசிக்கு ஆண்டு முழுவதற்கும் ஆவிக்குரிய ஆகாரமாம். அது ஆறுதல் தருகிறது, உண்மைதான். வேதம் திறக்காத வீட்டிலும் பீரோக் கதவில் ஒரு வசனம் ஒட்டியிருப்பது நல்லதே. சீட்டெடுப்பதும் புதிதல்ல, ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சபையார் சீட்டெடுத்த வசனங்களை 1731 முதல் தினவசன நூலாக அச்சிட்டு வருகிறார்கள். ஆனால் அங்கே எடுத்த வசனம் சபை முழுவதற்கும் பொது. நாளுக்கு நாள் மாறும். நம் அட்டையோ ஒருவருக்கு, ஓர் ஆண்டுக்கு. அதிலும் நல்ல செய்தி மட்டும்.

அந்த 'மட்டும்'தான் பல ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ரோஜாப்பூ அச்சிட்ட அட்டையில் அதன் ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை. அடிக்கடி கண்டது எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் தருவேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம்.

அது யாருக்கு எழுதியது? கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பிவிடும் என்கிறான். அது பொய் என்கிறார் எரேமியா. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த அந்நிய நகரத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், எழுபது ஆண்டு ஆகும் என்று கடிதம் எழுதுகிறார். எழுபது ஆண்டு பத்தாம் வசனத்தில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டுப் பதினொன்றை மட்டும் அச்சடித்தால், எரேமியாவின் பெயரில் நாம் விநியோகிப்பது அனனியாவின் செய்தி. அவனாவது இரண்டு ஆண்டு கேட்டான்; நாம் டிசம்பருக்குள் முடித்துத் தருகிறோம்.

என் பெரியம்மாவுக்கு ஒரு வருடம் இதே வசனம் வந்தது. பெரியப்பா அந்த ஆகஸ்டில் இறந்தார். கர்த்தர் மேல் பெரியம்மாவுக்குக் கோபமே வரவில்லை. "எனக்குத்தான் விசுவாசம் பத்தல" என்றார். நாற்பது ஆண்டு விடியற்காலையில் முழங்காலில் நின்ற மனுஷி அவர். ஓர் அட்டை அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

இதையா ஆகாரம் என்பது? வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்கே பொறுக்க வேண்டியிருந்தது. மறுநாளைக்கு எடுத்து வைத்ததில் புழு நெளிந்தது. இயேசுவும் பசித்திருந்தபோது அப்பத்தை மட்டுமல்ல, தேவனுடைய வார்த்தையையும் ஆகாரமாகச் சொன்னார், தேவன் வாயிலிருந்து வரும் வார்த்தை அத்தனையையும் சேர்த்து. அடுத்து வந்த சோதனையில் சாத்தான் நீட்டியது ஒரே ஒரு வாக்குத்தத்தம், 91ஆம் சங்கீதத்திலிருந்து: தூதர்கள் தாங்குவார்கள், குதி. இயேசு வேதத்தின் வேறொரு பக்கத்தைக் காட்டி மறுத்தார்.

பெரியம்மாவுக்கு எரேமியாவின் அந்த 29ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். பத்தாம் வசனம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தானே ஒருமுறை வாசித்தார்.