உடுத்தலும் இடுதலும்: அருங்காட்சியக ஆடைகளின் பெயரீடு

மட்டாஞ்சேரி அரண்மனை 1555ஆம் ஆண்டளவில் போர்த்துக்கீசியரால் கட்டப்பெற்றுக் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளிக்கப்பட்டது. 1663இல் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தமையால் 'டச்சு அரண்மனை' என்னும் பெயரும் வழங்கலாயிற்று. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பிலுள்ள இவ்வருங்காட்சியகத்தில் கொச்சி மன்னர்களின் உருவப்படங்கள், பல்லக்குகள், சடங்குக்குரிய உடைகள், தலைப்பாகைகள் ஆகியன இடம்பெறுகின்றன. ஆங்கில வழிகாட்டி நூல்கள் இவ்வுடைகளைப் பெரும்பாலும் 'ரோப்', 'டர்பன்' என்னும் இரு சொற்களுள் அடக்கிவிடுகின்றன. இவற்றைத் தமிழிலோ மலையாளத்திலோ பெயர்ப்பவர் எதிர்கொள்ளும் சிக்கல் சொல்லோடு நிற்பதன்று. ஆடையை எவ்வாறு காப்பது, எவ்வாறு காட்டுவது என்பனவற்றையும் அது தொடுகின்றது.

1. இடமும் வினையும்

பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவையின் ஆடைக்குழு 1982இல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மும்மொழிகளில் ஓர் அடிப்படைச் சொற்பட்டியலை வெளியிட்டது. இடுப்புக்கு மேல், இடுப்புக்குக் கீழ் என உடலிடம் பற்றி ஆடைகளை வகுப்பது அதன் முறை. தைத்த ஆடைக்கு இது பொருந்தும். சட்டையின் கை தோளுக்கன்றி வேறிடத்திற்கு உதவாது. தைக்காத ஆடையின் நிலை வேறு. ஒரே துண்டு தலையில் பாகையாகவும், தோளில் மேலாடையாகவும், இடுப்பில் கச்சையாகவும் அமையும். பட்டியல் 'எங்கே' என்று வினவுகின்றது. துண்டோ 'எப்போது, யார் முன்' என்பதற்கே விடை தருகின்றது. இவ்விடமாற்றம் அற்பமானதன்று. திருவிதாங்கூரில் பெண்கள் தோளில் சீலையிடும் உரிமைக்காக நிகழ்ந்த போராட்டம் 1859ஆம் ஆண்டின் அரசாணை வரை நீண்டது. 'மேலாடை, பருத்தி' என்னும் பெயர்ப்பலகை இவ்வரலாற்றை முற்றும் மறைத்துவிடும்.

தமிழும் மலையாளமும் ஆடைகளை வினையால் வேறுபடுத்துகின்றன. தமிழில் வேட்டி உடுத்தப்படும் அல்லது கட்டப்படும்; சட்டை இடப்படும்; சால்வை போர்த்தப்படும்; மாலை சூடப்படும்; அணிகலன் பூணப்படும். மலையாளத்திலும் முண்டு 'உடுக்குக', குப்பாயம் 'இடுக' என்பனவே வழக்கு. ஆங்கிலத்தின் ஒற்றை வினை இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றது. இன்றைய பேச்சுத்தமிழில் 'போடு' என்னும் வினை சட்டை, சால்வை, நகை அனைத்திற்கும் பரவியுள்ளது என மறுக்கலாம். ஆயினும் புடவையும் வேட்டியும் இன்றும் 'கட்ட'ப்படுகின்றன. தைத்தது, தைக்காதது என்னும் எல்லையை மொழி இழக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

2. வினையும் காப்புமுறையும்

இவ்வெல்லை காப்பாளருக்கும் இன்றியமையாதது. 'இடும்' ஆடையின் வடிவம் தையலில் உள்ளது. உள்ளீடு வைத்த உருவத்தின் மேல் அதனைக் காட்டலாம். 'கட்டும்' ஆடையின் வடிவம் கட்டுபவர் கையில் உள்ளது. துணியால் சுற்றிக் கட்டிய பாகையைத் தூய்மை செய்யப் பிரித்தால் துணி காக்கப்படும், கட்டு அழியும். பிரிக்காது விட்டால் மடிப்புகளில் பட்டிழை முறியும். சரிகையின் வெள்ளி கறுக்கும். கொச்சியின் ஈரக்காற்று இக்கேட்டை விரைவுபடுத்தும். துணிகளுக்கு ஒளி ஏறத்தாழ 50 லக்ஸ் அளவைக் கடத்தலாகாது என்பது பொதுவிதி. பிரிப்பதா, விடுவதா என்பதற்கு அத்தகைய பொதுவிதி இல்லை. சட்டகத்தின் மேல் தைத்தமைத்த பாகையாயின் சிக்கலே வேறு: அது கட்டப்படுவதன்று, வைக்கப்படுவது. 'டர்பன்' என்னும் பதிவு இவ்விரண்டையும் ஒன்றாக்குகின்றது; வினை சேர்ந்த பதிவு பிரித்துக் காட்டும்.

3. சூடாத முடி

மட்டாஞ்சேரி அரண்மனையின் நடுக்கூடம் ஆங்கிலத்தில் 'கொரனேஷன் ஹால்' எனப்படுகின்றது. தமிழில் 'முடிசூட்டு மண்டபம்' என்பது இயல்பான பெயர்ப்பாகத் தோன்றும். ஆனால், வன்னேரியைச் சாமூதிரியிடம் இழந்தமையால் கொச்சி மன்னர் முடியைத் தலையில் சூடாது மடியில் வைத்துக்கொண்டனர் என்பது மரபுச்செய்தி. அம்முடி திருப்பூணித்துறை மலைமாளிகை அருங்காட்சியகத்தில் உள்ளது. கேரள மன்னர் பதவியேற்பைக் குறிக்கும் சொல்லோ 'அரியிட்டுவாழ்ச்ச'. அரிசி தூவி வாழ்த்துதலே அதன் பொருள். எனவே 'முடிசூட்டு' என்னும் பெயர்ப்பு, நிகழாத ஒரு வினையை நிகழ்ந்ததாக்கி, ஓர் இழப்பின் நினைவையும் துடைத்துவிடுகின்றது. 'பதவியேற்பு மண்டபம்' என்பது அழகு குறைந்ததாயினும் பிழையற்றது.

4. முடிவுரை

அருங்காட்சியகப் பதிவேட்டில் பொருள், அளவு, காலம் ஆகியவற்றோடு மூன்று செய்திகள் சேர்தல் வேண்டும்: உடுத்தியவர் வழக்கில் அதன் பெயர், அதற்குரிய வினை, உடுத்திய சூழல். உடலிடம் பற்றிய பன்னாட்டுப் பட்டியலைக் கைவிட வேண்டுவதில்லை. அதன் பக்கத்தில் இவற்றுக்கு இடமளித்தால் போதும். பெயர்களை அகராதியிலிருந்து பெறலாம். கட்டும் முறையையும் அதன் வினையையும் கட்டத் தெரிந்தவரிடமே கேட்டறிதல் வேண்டும். இதனை மொழியியலாரின் களப்பணியாகக் கொள்வதே முறை. துணியைக் காக்கும் பணி போன்றே இதுவும் காலம் கடத்தற்குரியதன்று.