புற்றுநோய் ஆய்வில் வழிகாட்டுதலின் எல்லை

புற்றுநோய் ஆய்வுக்குப் புதிதாக வரும் மருத்துவர், உயிரியலாளர், புள்ளியியலாளர் ஆகியோரை அனுபவமுள்ள மூத்தவர் ஒருவரோடு இணைத்துவைப்பதே வழிகாட்டுத் திட்டம் எனப்படுவது. ஆய்வுக் கேள்வியை வகுப்பது, நிதிக்கு விண்ணப்பிப்பது, கட்டுரை எழுதுவது, அடுத்த வேலையைத் தேடுவது ஆகியவற்றில் மூத்தவர் துணைநிற்பார். மாநாட்டு அமர்வு, சில நாள் பட்டறை, இணையவழிச் சந்திப்பு எனப் பல வடிவங்களில் இது இன்று பரவியிருக்கிறது. திறமைக்கு இந்தியாவில் குறைவில்லை, நல்ல வழிகாட்டிகளுக்கே பஞ்சம், அந்தப் பஞ்சம் தீர்ந்தால் ஆய்வு தானாக வளரும் என்பது இதை ஆதரிப்போரின் வாதம். ஆய்வு வளராமைக்கான காரணத்தை இந்த வாதம் தவறான இடத்தில் தேடுகிறது.

திட்டங்களின் பயனை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவின் வெய்ல் நகரில் 1996-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுமுறைப் பட்டறையை அடியொற்றி, டாட்டா நினைவு மையமும் நேஷனல் கேன்சர் கிரிட் அமைப்பும் 2015 முதல் ‘கிரெடோ’ பட்டறையை நடத்திவருகின்றன. ஒரு யோசனையோடு வருபவர் ஆய்வைத் தொடங்குவதற்கேற்ற முழுத் திட்ட வரைவோடு திரும்புகிறார். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுமுறைப் பாடம் முதுநிலை மருத்துவ மாணவர் அனைவருக்கும் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்கும், குழந்தைப்பேற்றுக்குப் பிறகு ஆய்வுக்குத் திரும்பும் பெண்ணுக்கும், துறையின் எழுதப்படாத வழக்கங்களை எடுத்துச்சொல்ல ஒருவர் இருப்பது பெரிய உதவி.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இளம் ஆய்வாளருக்கு அறிவுரை கிடைக்கிறது. அந்த அறிவுரைப்படி நடக்கத் தேவையான பணியிடமும் நேரமும் தரவுகளும் கிடைப்பதில்லை. நிறுவனம் செய்ய வேண்டிய கடமை, தனிமனிதர் கற்றுக்கொள்ள வேண்டிய திறமையாக மாற்றி எழுதப்படுகிறது. ஆய்வைத் தொடர முடியாமல் ஒருவர் விலகினால், அவருக்குச் சரியான வழிகாட்டி அமையவில்லை என்று காரணம் சொல்லி, அடுத்த ஆண்டு இன்னொரு பட்டறை நடத்தப்படுகிறது. நாற்றங்கால்கள் பெருகுகின்றன, நடுவதற்கு வயல் ஒதுக்கப்படவில்லை.

ஆய்வாளரின் வேலைப் பாதையைப் பார்த்தால் இது விளங்கும். முனைவர் பட்டத்துக்குச் சேர்பவர் இரண்டு ஆண்டுகள் இளநிலை ஆய்வாளர், மூன்று ஆண்டுகள் முதுநிலை ஆய்வாளர் என ஐந்தாண்டு வரை உதவித்தொகை பெறலாம். 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாயும் 42,000 ரூபாயும் ஆகும். அதன்பின் ஏதேனும் ஒரு பிராஜெக்டில் ஆய்வு உதவியாளர். மிகச் சிறந்தவர்களுக்கு இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம், ராமலிங்கசுவாமி மீள்வருகைத் திட்டம் போன்றவை உண்டு. அவற்றின் காலமும் ஐந்து ஆண்டுகள்தாம். முடிவில் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் எதிலும் இல்லை. முப்பது வயதைக் கடந்தவர் ஒவ்வொரு ஐந்தாண்டின் கடைசியிலும் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலையில் நிற்கிறார். விண்ணப்பத்தைச் செம்மையாக எழுத வழிகாட்டி கற்றுத்தரலாம். விண்ணப்பிக்க ஒரு பணியிடத்தை அவரால் உருவாக்க முடியாது.

மருத்துவர்களின் தடை வேறு வகை. அரசு மருத்துவக் கல்லூரியின் உதவிப் பேராசிரியருக்குச் சம்பளம் இருக்கிறது, ஆய்வுக்கு நேரம் இல்லை. புறநோயாளிப் பிரிவு, வார்டு, அறுவை அரங்கு, இரவுப் பணி, வகுப்பு, தேர்வு ஆகியவற்றுக்குப் பிறகு எஞ்சும் நேரமே ஆய்வுக்கு உரியது. பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. கட்டுரைக்கு அடிப்படையான ஆய்வைச் செய்ய வாரத்தில் இத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஒரு வாரம் பட்டறையில் இருந்துவிட்டு நல்ல வரைவோடு திரும்புபவருக்காக அதே புறநோயாளி வரிசை காத்திருக்கிறது.

இந்தக் குறை ஆளைப் பாதிப்பதோடு நிற்பதில்லை; எந்தக் கேள்விகள் ஆராயப்படும் என்பதையும் தீர்மானிக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியையும் அதைச் சூழ்ந்த தொழிற்பகுதியையும் எடுத்துக்கொண்டால் இது துலக்கமாகும். 1970-களிலிருந்து சிப்காட் வளாகங்களைச் சுற்றி வளர்ந்த வட்டாரம் இது. வாகன உதிரிபாகப் பட்டறைகளில் வெல்டிங் புகையும் உலோகம் கடையும் எண்ணெய்களும் உண்டு. முலாம் பூசும் தொழிலில் குரோமியம் கலந்த அமிலத் துளிகள் காற்றில் பரவும். கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியின் கருங்கல் குவாரிகளில் சிலிக்கா தூசி பறக்கும். ஆறிணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் உறுதிப்படுத்தியது. படிகச் சிலிக்காவை 1997-இலும் வெல்டிங் புகையை 2017-இலும் அதே பட்டியலில் சேர்த்தது. இவற்றோடு நாள்தோறும் உழைப்பவர்களிடம் என்ன விளைவு ஏற்பட்டிருக்கிறது என்பது ஆராயப்பட வேண்டிய கேள்வி.

அதை ஆராய்வதில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, எல்லை. தொரப்பள்ளியில் ஒருவருக்குப் புற்றுநோய் எனச் சந்தேகம் எழுந்தால், அவர் பெரும்பாலும் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு, குறிப்பாகக் கித்வாய் மருத்துவமனைக்குப் போகிறார். 300 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையிலுள்ள அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்குப் போவது அரிது. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் 1981-இல் தொடங்கியபோதே பெங்களூருவும் சென்னையும் அதில் இடம்பெற்றன. 2012 முதல் தமிழ்நாடு முழுமைக்குமான பதிவுத் திட்டமும் நடக்கிறது. ஆனால் இத்தகைய பதிவேடு நோயாளியைச் சிகிச்சை பெறும் ஊரை வைத்து எண்ணுவதில்லை, வசிக்கும் ஊரை வைத்தே எண்ணுகிறது. கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட நோய் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏற வேண்டுமானால் தகவல் எல்லை தாண்டி வர வேண்டும். நோயாளி இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தப் பட்டறையில், என்ன வேலை செய்தார் என்பதைப் பதிவேடுகள் விரிவாகக் கேட்பதும் இல்லை.

இரண்டாவது தடை, காலம். தூசிக்கோ புகைக்கோ ஆட்படுவதற்கும் கட்டி வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். பல நேரங்களில் இருபது, முப்பது ஆண்டுகளும் ஆகும். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி பல கம்பெனிகள் மாறியிருப்பார். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் ஊருக்கே திரும்பியிருப்பார். இவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்குத் தலைமுறைக் கணக்கில் காலம் வேண்டும். இளம் ஆய்வாளருக்குக் கிடைக்கும் மிக நீண்ட உதவித்தொகையின் ஆயுளோ ஐந்து ஆண்டுகள்.

இந்த நிலையில் அக்கறையுள்ள வழிகாட்டி என்ன சொல்வார்? பெரிய கேள்வியை விட்டுவிடு, மருத்துவமனைக் கோப்புகளில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள், இரண்டு ஆண்டுகளில் முடிவதைச் செய், கட்டுரை வெளியாகட்டும் என்பார். மாணவரின் பிழைப்புக்கு அது சரியான அறிவுரை. துறைக்கு அது கேடு. எந்தக் கேள்வியை இங்குள்ள ஒருவர் மட்டுமே கேட்க முடியுமோ, அந்தக் கேள்வியிலிருந்து அவரை விலக்கிவிடுவதே நல்ல வழிகாட்டுதலாக ஆகிவிடுகிறது. வழிகாட்டி எவ்வளவு திறமையானவரோ அவ்வளவு உறுதியாக இந்த விலகல் நடக்கும். ஆகவே வழிகாட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. ஐந்தாண்டு எல்லைக்குள் அடங்கிப்போகக் கற்றுத்தருபவர்களின் எண்ணிக்கையையே அது கூட்டும்.

வழிகாட்டுத் திட்டங்களை ஆதரிப்போர் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தை முன்னுதாரணமாகக் காட்டுவதுண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனத்தில், டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியின் கீழ் 1955-இல் சேர்ந்தவர் டாக்டர் வி. சாந்தா. 2021 ஜனவரியில் மறையும்வரை அவருடைய பணி அங்கேயே நிகழ்ந்தது. இது ஒரு குருவும் சீடரும் அமைந்த கதையாக மட்டும் சொல்லப்படுகிறது. அவர்களுக்கிடையே இருந்தது அறிவுரை மட்டுமன்று. ஒரே வார்டு, ஒரே நோயாளிகள், ஒரே கோப்புகள், ஒரே கூரை, முடிவுத் தேதி இல்லாத வேலை ஆகியவை அவர்களைப் பிணைத்தன. தொடக்கத்தில் பெரிய சம்பளம் இருந்ததில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்களைப் பத்தாண்டு கழித்தும் தேடிப்பிடிக்க அங்கே ஆள் இருந்தது. 1984-இல் நாட்டிலேயே முதன்முறையாகப் புற்றுநோய் மருத்துவத்திலும் அறுவையிலும் உயர்சிறப்புப் பட்டப் படிப்புகளை அந்நிறுவனம் தொடங்கியபோது, கற்றுக்கொடுக்க முப்பது ஆண்டு அனுபவம் திரண்டிருந்தது. அந்தத் தொடர்ச்சியைத் தராமல் அந்த உறவை மட்டும் நகலெடுக்க முடியாது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான எம்.சி.பி. 841 சிகிச்சைத் திட்டம் இன்னொரு சான்று. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மெக்ராத்தோடு சேர்ந்து மும்பை, தில்லி, சென்னை மையங்கள் 1980-களின் நடுவிலிருந்து ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. ஏறக்குறைய இருபதாண்டு அனுபவம் 2005-இல் வெளியானது. அந்த இருபதாண்டுகளில் நோயாளிக்கு மருந்தளவைக் கணக்கிட்டும், காய்ச்சலைக் கவனித்தும், வராமல்போனவர்களின் வீட்டுக்குக் கடிதம் எழுதியும் கற்றவர்களே பிறகு துறையைத் தாங்கினார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையும் அத்தகையதே. அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனைக்கு 49,311 பெண்கள் அழைக்கப்பட்டார்கள். அந்தத் தொகுதியில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததை 2007-இல் வெளியான முடிவு காட்டியது. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். பெருநகரத்துக்கு வெளியே, கிராமங்களில், உலகம் பின்பற்றத்தக்க ஆய்வு நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை, அதற்கான ஊழியர்கள், முறையான பதிவு ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருந்தன. வழிகாட்டுதல் அந்த வேலைக்குள்ளேயே நிகழ்ந்தது.

அமெரிக்காவில் ‘கே’ வகை ஆய்வு நிதி பெறும் இளம் மருத்துவருக்கு வழிகாட்டியின் பெயர் கட்டாயம் குறிப்பிடப்பட வேண்டும். அதோடு அவருடைய பணிநேரத்தில் பொதுவாக 75 விழுக்காட்டை ஆய்வுக்கு ஒதுக்குவதாக அவர் வேலை செய்யும் நிறுவனமும் உறுதியளிக்க வேண்டும். இங்கே இறக்குமதியானது முதல் பாதி மட்டும். இரண்டாவது பாதிக்குச் செலவு அதிகம். அதனால்தான் அது விடப்பட்டது.

செய்ய வேண்டியது எதுவும் எட்டாததன்று. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியில் தொழில்சார் புற்றுநோய்க்கென ஒரு நிரந்தர ஆசிரியர் பணியிடமும், பதிவேட்டைப் பராமரிக்க நிரந்தர ஊழியர் சிலரும் வேண்டும். அந்த ஆசிரியருக்கு வாரத்தில் பாதி நாள்களாவது நோயாளிப் பணியிலிருந்து விலக்கு வேண்டும். கித்வாயோடும் அடையாற்றோடும் நோயாளித் தகவலைப் பகிர எழுத்துப்பூர்வமான உடன்பாடு வேண்டும். தேசியப் பதிவுத் திட்டத்தை நடத்தும் நோய்த் தகவலியல் மையம் பெங்களூருவிலேயே இருப்பது இதற்கு வசதி. தொழிலாளர் ஈட்டுறுதிக் கழக மருத்துவமனைகளில் ஒவ்வொரு நோயாளியின் தொழில் வரலாறும் கேட்டு எழுதப்பட வேண்டும். இத்தனையும் அமைந்தால், மாநிலத்தின் எந்த மூத்த ஆய்வாளரும் அங்குள்ள இளையவருக்குப் பயனுள்ள வழிகாட்டியாக முடியும். அமையாதவரை, புதிதாக அறிவிக்கப்படும் ஒவ்வொரு வழிகாட்டுத் திட்டத்திடமும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: எத்தனை பணியிடங்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டுகள். விடை இல்லாத திட்டத்துக்கு ஆய்வு நிதியைத் தரக் கூடாது.