கூட்டப் பெயரும் குலப் பெயரும்

ஆடுகள் கூடினால் மந்தை. வெற்றிலையை அடுக்கினால் கவுளி. வைக்கோலைக் குவித்தால் போர். உழைப்பவன் கை எதைத் தொட்டதோ, அதன் தொகுதிக்கு அவன் வாய் ஒரு பெயர் தந்தது. எண்ணவும் சுமக்கவும் விற்கவும் பயன்பட்ட பெயர்கள் அவை. எவரையும் பழிக்காத பெயர்கள்.

ஆனால், துறவியர் கூடினால்? நீதிபதிகள் கூடினால்? செருப்புத் தைப்போர் கூடினால்? அவர்களுக்கும் தொகுதிப் பெயர் புனைந்து சிரித்தது இங்கிலாந்து. அந்தச் சிரிப்பை நாமும் கேட்போம். கேட்டபின், சிரித்தவர் யார், சிரிப்புக்கு ஆளானவர் யார் என்றும் கேட்போம்.

1486-ஆம் ஆண்டு, செயிண்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரில் ஓர் ஏடு அச்சாகி வெளிவந்தது. வல்லூறு வளர்ப்பு, வேட்டை, குலச்சின்னம் ஆகியவை அதன் பொருள். சீமான் வீட்டுப் பிள்ளைகள் கற்கவேண்டியவை என்று அந்நாளில் கருதப்பட்டவை. அதற்குள்ளே ஒரு பட்டியல். 160-க்கும் மேற்பட்ட தொகுதிப் பெயர்கள். சிங்கங்களுக்குச் 'செருக்கு', வானம்பாடிகளுக்கு 'உயர்ச்சி', நரிகளுக்குப் 'பதுங்கல்' என்று விலங்கையும் பறவையையும் கூறிவரும் பட்டியல், மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. நீதிபதிகளுக்குத் 'தீர்ப்பு', தூதர்களுக்கு 'விரைவு', குழலூதுவோர்க்கு 'வறுமை'! கலைஞனின் காய்ந்த வயிற்றை ஒரே சொல்லில் காட்டிய கை தேர்ந்த கைதான், மறுக்கமாட்டோம்.

துணிவும் இருக்கிறது. நரிக்கும் திருடனுக்கும் தந்த 'பதுங்கல்' என்ற அதே பெயரை, ஊர் சுற்றி இரந்துண்ட துறவியர்க்கும் தருகிறது அந்தப் பட்டியல். மடத்துத் துறவியர் கூடினால் 'அருவருப்பான காட்சி'. கன்னித் துறவியர் கூடினால் 'தேவைக்கு மிஞ்சியது'. பாவமன்னிப்புச் சீட்டு விற்போர் கூடினால் ஒரு 'பொய்'! அந்தச் சீட்டு வாணிபத்தை எதிர்த்து மார்ட்டின் லூதர் குரல் எழுப்பியது 1517-இல். அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே, சீட்டு விற்பவனைப் பொய்யன் என்று அச்சில் எள்ளியிருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தது இந்தப் பட்டியலைப் படித்துவிட்டல்ல. மன்னனுக்கு மடத்துச் சொத்தின்மேல் கண். ஆயினும், மக்கள் எதைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டார்களோ, அதனிடம் அஞ்சிக் கைகட்டி நிற்பது கடினம். எள்ளலின் ஆற்றல் அது.

இதுவரை கைதட்டினோம். இனித் தட்டும் கை தயங்குகிறது.

அதே பட்டியலில், செருப்புத் தைப்போர் கூடினால் 'குடிவெறி'. பெண்கள் கூடினால், வாத்துக் கூட்டத்துக்குரிய அதே கூச்சற் பெயர். ஸ்காட்லாந்து மக்கள் கூடினால் 'மதிப்பின்மை'. இளவரசர்கள் கூடினால் மட்டும் 'மாட்சி'! ஏன், இளவரசன் குடித்ததே இல்லையா? மாளிகையில் கிண்ணம் நிறைந்தால் விருந்து. குடிசையில் நிறைந்தால் வெறியா? பிறர் கால் நோகாதிருக்கத் தன் முதுகு நோக உழைத்தவனுக்கு இதுவா பட்டம்?

காரணம் வேறெங்குமில்லை, அந்த ஏட்டிலேயே இருக்கிறது. உயர்குடியினரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது எவ்வாறு என்று குலச்சின்னப் பகுதி விளக்குகிறது. ஆதாமின் மக்களில், சாபம் பெற்ற காயீன் இழிகுடியானானாம். வாழ்த்துப் பெற்ற சேத் உயர்குடியானானாம். ஏசுவே உயர்குடியில் பிறந்தவராம்! தச்சன் வீட்டில் வளர்ந்தவருக்கும் குலப்பெருமை தேடிக் கொடுத்துவிட்டார்கள். கேட்ட குரலாக இல்லையா இது? முகத்தில் பிறந்தவன், பாதத்தில் பிறந்தவன் என்று நம் தலையில் கட்டிய கதைக்குக் கடல் கடந்த உறவு இது. கூட்டப் பெயரை வேடிக்கை என்றார்கள். வேடிக்கைக்குப் பின்னே குலப் பெயர் நின்றது.

காலம் மாறியது. 1968-இல் ஜேம்ஸ் லிப்டன் என்ற அமெரிக்கர் இந்தப் பழைய பெயர்களைத் தொகுத்து, புதியனவும் சேர்த்து ஒரு நூல் வெளியிட்டார். சீமான்களின் அடையாளமாயிருந்தது எவரும் ஆடும் சொல்விளையாட்டாயிற்று. நல்லது. நம் இளைஞர்களும் ஆடட்டும். ஆனால், ஒரு சொல்லில் ஒரு கூட்டத்தையே அடைப்பது கூரிய கருவி. யார்மேல் வீசுகிறோம் என்று பார்த்து வீசவேண்டும். பிறப்பின்மேல் வீசினால் அது சாதி வசை. உழைப்பின்மேல் வீசினால் அது சீமான் திமிர். ஏய்ப்பின்மேலும் ஆதிக்கத்தின்மேலும் வீசினால்தான் அது எள்ளல். பாதத்தில் பிறந்தவன் என்று பிறர் ஒட்டிய பட்டத்தை ஒருவன் தானே கழற்ற முடிவதில்லை. ஏய்ப்பவனோ ஏய்ப்பதை நிறுத்திய அன்றே பட்டத்திலிருந்து விடுதலை பெறுவான்.

நாமும் சில முயல்வோம். சோதிடர்கள் கூடினால் ஒரு 'பரிகாரம்'. சாமியார்கள் கூடினால் ஒரு 'உண்டியல்'. வட்டிக்கு விடுவோர் கூடினால் ஒரு 'குட்டி'. பதவி நாடுவோர் கூடினால் ஒரு 'பொன்னாடை'.

நம்மை மட்டும் விட்டுவிடலாமா? மேடைப் பேச்சாளர்கள் கூடினால் ஓர் 'இறுதியாக'. இந்த ஏட்டுக்குக் கட்டுரை எழுதும் நாம் கூடினால், ஒரு 'வியப்புக்குறி'! தன் கூட்டத்துக்கு முதலில் பெயர் சூட்டத் துணிந்தவன் பிறகு பிறருக்குச் சூட்டட்டும். செயிண்ட் ஆல்பன்ஸ் சீமான்கள் செய்யாது விட்டது அதைத்தான்.