கோஸெ பியர்: உப்பைத் தேடாதீர்கள்

உப்பு போட்ட பியர் என்று கேள்விப்பட்டுக் கோஸெயை வாங்குபவர்கள் முதல் மிடறிலேயே உப்பைத் தேடுகிறார்கள். நல்ல கோஸெயில் அது தனியாகக் கரிக்காது. நீர்மோரில் போட்ட உப்பைப் போலப் புளிப்போடு கலந்து நின்று, இன்னொரு மிடறு கேட்க வைக்கும்.

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையோரக் கோஸ்லாரில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் லைப்ஸிக் நகரத்தாரின் பியராகவே ஆகிவிட்டது இது. பாதிக்குக் குறையாத கோதுமை மால்ட், கொத்தமல்லி விதை, உப்பு, லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா தரும் புளிப்பு. 1966இல் கடைசி ஆலையும் மூடியது. ‘ஓனே பெடெங்கன்’ என்ற பழைய கோஸெ விடுதியை 1986இல் மீண்டும் திறந்த லோத்தார் கோல்ட்ஹான், அந்தக் காலத்தில் குடித்தவர்களைத் தேடி விசாரித்து அந்தச் சுவையை மீட்டார். மறைந்துபோன ஒரு பியர் வயதானவர்களின் நாவிலிருந்து திரும்பி வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அமெரிக்காவின் சிறு ஆலைகள் அதைத் தம் வழியில் எடுத்துக்கொண்டன. தென் கரோலினாவின் வெஸ்ட்புரூக் ஆலையினுடையது நல்ல தொடக்கம்: ஆல்கஹால் 4 சதவீதம்தான், புளிப்போ கூர்மையானது. லைப்ஸிக் கோஸெ இதைவிடச் சாது.

ஐஸ் போலக் குளிரவைக்காதீர்கள். கடுங்குளிரில் கொத்தமல்லி வாசம் எழாது. உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். நுரை சீக்கிரம் அடங்கினால் குறையென்று எண்ண வேண்டாம், புளிப்பான பியரில் அப்படித்தான். முதலில் முகருங்கள். அப்போதுதான் இடித்த கொத்தமல்லி விதையில் எலுமிச்சைத் தோலின் சாயல் ஒன்று உண்டு, அது வர வேண்டும். பிறகு சிறு மிடறு. புளிப்பு நாவின் இருபுறமும் சுண்டும். அது தணியும் நேரத்தில் மாவுத்தன்மையோடு கோதுமை தெரிகிறதா என்று கவனியுங்கள். கோஸெயின் உயிர் அங்கேதான். பல ஆலைகள் மால்ட் சாற்றைக் கொதிகலனிலேயே ஓரிரு நாளில் புளிக்கவைத்துவிடுகின்றன. சுத்தமான புளிப்பு கிடைக்கும். அவசரப்பட்டால் அது மட்டுமே கிடைக்கும்.

பழம் சேர்த்த கோஸெக்களும் உண்டு. லைப்ஸிக்காரர்களே பழப்பாகும் சீரகம் போன்ற காரவே விதை மதுவும் கலந்து குடிப்பவர்கள் என்பதால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் எதுவும் சேர்க்காததை முதலில் குடியுங்கள். குவளையின் கடைசிக் கால்பங்கு குளிர் விட்டிருக்கும்போது கோதுமை இன்னும் தெரிந்தால், அந்த ஆலையின் மற்ற பியர்களையும் நம்பிக் கேட்கலாம்.