வேலி மேய்ந்தபின் வழக்கு எங்கே?

"எம் நாட்டுக் குற்றத்தை விசாரிக்க எம் நாட்டு மன்றம் இருக்கிறது, அயலானுக்கு இங்கென்ன வேலை?" உலகெங்கும் ஒலிக்கும் கேள்வி இது. நாட்டுப் பற்றெனும் நறுமணம் பூசி வருவதால், கேட்டவுடன் தலையசைக்கத் தோன்றும். ஆனால், கேட்பவர் யார், எந்த வேளையில் கேட்கிறார் என்று நோக்க வேண்டாமா?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டைப் பாருங்கள். 1991 நவம்பர் 3. தலைநகர் லிமாவில் பாரியோஸ் ஆல்டோஸ் என்னும் பகுதி. குடியிருக்கும் கட்டிடத்தைப் பழுதுபார்க்கப் பணம் திரட்ட, எளிய மக்கள் விருந்து நடத்தினர். முகமூடியணிந்தோர் புகுந்தனர், சுட்டனர். 15 பேர் பிணமாயினர். அவருள் ஒருவன் 8 வயதுச் சிறுவன். சுட்டவர் கள்வரா? அல்லர்! படையின் உளவுத்துறையினரைக் கொண்ட 'கொலினா குழு'வினர். வேலியே பயிரை மேய்ந்தது.

1995-இல் வழக்கு உயிர் பெற்றது. பதறியது ஆட்சி. ஃபுஜிமோரியின் நாடாளுமன்றம் ஜூன் மாதத்தில் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றியது. நீதிபதி அன்டோனியா சாக்கிகுராய் அம்மையார் அஞ்சினாரில்லை. அச்சட்டம் இவ்வழக்கிற்குப் பொருந்தாதென்றார். ஆள்வோர் என் செய்தனர்? அதே மாதத்தில் மற்றொரு சட்டம்! மன்னிப்பை எந்த நீதிபதியும் ஆராயக் கூடாதாம். மேல்மன்றம் வழக்கை மூடிற்று. கண்ணகிக்குப் பாண்டியன் வாயிலாவது திறந்தது. உற்றாரை இழந்த இவர்களுக்கு அதுவும் அடைபட்டது.

அதன் பின்னரே கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயிலுள்ள அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2001 மார்ச் 14-இல் தீர்ப்பளித்தது: கொலை, சித்திரவதை போன்ற கொடுமைகளை விசாரிக்கவிடாத மன்னிப்புச் சட்டங்களுக்குச் சட்ட வலிமை இல்லை. அம்மன்றம் எவரையும் சிறையிலடைக்கவில்லை. அதன் முன் நின்றது அரசு. தனி மனிதர் அல்லர். அந்த அதிகாரமும் வலிந்து பறித்ததன்று. 1981-இல் பெருவே ஏற்றுக்கொண்டது.

தீர்ப்பில் குறையே இல்லையா? உண்டு. 2000-இல் ஃபுஜிமோரி ஆட்சி வீழ்ந்தபின் வந்த அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டதால், மன்றம் வாதத்தைச் சுருக்கி முடித்துவிட்டது. உள்நாட்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கும் உரிமை எங்கிருந்து வந்ததென விரித்துரைத்திருக்க வேண்டும். அதற்கான சான்று கையிலேயே இருந்தது. 2001-இல் சான் ஹோசே சொன்னதை, 1995-இலேயே லிமாவின் நீதிபதி சொல்லியிருந்தார்! அவர் துணிவை நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் குறித்த தீர்ப்பு, வாதத்தின் தூணாக நிறுத்தியிருந்தால், 'அயலான்' என்னும் கூச்சல் அன்றே அடங்கியிருக்கும்.

2009-இல் ஃபுஜிமோரிக்கு 25 ஆண்டுச் சிறை விதித்தவர்களும் பெருவின் நீதிபதிகளே. ஆனால் 2023 டிசம்பரில், அம்மன்றம் தடுத்தும், அவர் விடுவிக்கப்பட்டார், 2024-இல் மறைந்தார். 2025 ஆகஸ்டில், 1980 முதல் 2000 வரையிலான குற்றங்களுக்காக வழக்கிலுள்ள படையினர்க்கும் காவலர்க்கும் மன்னிப்பளிக்கும் புதுச் சட்டமொன்று அங்கே கையொப்பமாயிற்று. சான் ஹோசே மன்றத்திற்குப் படையுமில்லை, சிறையுமில்லை. உள்நாட்டில் நேர்மை குன்றா நீதிபதி ஒருவர் எழுந்தால்தான் அதன் சொல்லுக்கு உயிர் உண்டு.

ஆகவே தோழர்களே, "அயலானுக்கு என்ன வேலை?" என்று எவரேனும் முழங்கினால், திருப்பிக் கேளுங்கள்: "உங்கள் மன்றத்தின் கதவு திறந்திருக்கிறதா?"